மெஹருன்னிசாவின் குரல் இருந்த டிஸ்க்

நான் உட்கார்ந்திருந்த மேஜையில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பழுதான ஹார்ட் டிஸ்க்கைத் திறப்பது, தகவலைப் படிக்கும் ஹெட்டை மாற்றுவது, படிக்க முடிந்ததைப் படித்தெடுப்பது எல்லாம் உங்களுக்கு வரும். என்னைவிட உங்கள் கை நிதானம், கண் கூர்மை. அந்த வேலையைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. செங்கல்பட்டில் இத்தனை வருஷம் இந்தக் கடையை நடத்தியதில் நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிற ஒரு டிஸ்க்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்தது அது.

நம்மிடம் வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்திருப்பீர்கள். குளிர் மாதங்களில் வேடந்தாங்கலில் பறவைகளைப் படம் எடுத்தவர்கள் மெமரி கார்டோடு வருவார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்க இருவர் வருவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்பார்கள். கல்யாண வீடியோக்காரர்கள் முகம் வெளிறி வருவார்கள். யார் வந்தாலும் நாம் கேட்கிற கேள்விகள் ஒன்றுதான். எப்படி விழுந்தது, அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டுப் பார்த்தீர்கள், வேறு யாராவது திறந்தார்களா.

ஜபருல்லா பாய் வந்த அன்று இந்தக் கேள்விகளுக்கு அவர் தயாராகவே வந்திருந்தார். புதுப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளின் என்ஜினுக்கு உதிரி பாகம் விற்கிறவர். பெரிய உடம்பு, கையில் கிரீஸ் போகாத ரேகை. ஒரு துண்டில் சுற்றிய டிஸ்க்கைக் கைக்குழந்தையை வைப்பதுபோல மேஜைமேல் வைத்தார்.

"வயரு காலுல மாட்டி மேசையில இருந்து வுழுந்துடுச்சு மேடம். என் காலுதான். ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தேன். டக்கு டக்குன்னு சத்தம். திருக்கழுக்குன்றத்துல ஒரு மொபைல் கடையில குடுத்தேன். அந்தப் பையன் காதுல வச்சுக் கேட்டான், உடனே வயரப் புடுங்கிட்டான். 'பாய், இத நான் தொட மாட்டேன், வேற யாரையும் தொட வுடாதீங்க, நேரா செங்கல்பட்டு போங்க'ன்னான். இந்தத் துண்டு கூட அவனோடதுதான்."

அந்தக் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் என் நன்றி அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. சுற்றியுள்ள சின்னக் கடைகளைப் பற்றி நம் கடையில் கேலியாகப் பேசுவது ஒரு வழக்கமாகவே இருந்தது. அவர்கள் மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டு, டிஸ்க்கின் உள்தட்டில் கோடு விழுந்த பிறகு நம்மிடம் அனுப்புவார்கள் என்று. இவர் அப்படிச் செய்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. தெரியாத வேலையில் கை வைக்காமல் விட்டதோடு, கிடைக்கக்கூடிய வருமானத்தையும் விட்டுவிட்டு, துண்டில் சுற்றி அனுப்பினார்.

"உள்ள இன்னா கீது பாய்?" என்று கேட்டேன். எங்கள் ஊர்க்காரர்களிடம் நானும் அப்படித்தான் பேசுவேன்.

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி கட்டியிருந்தார். "என் வூட்டுக்காரி, மெஹருன்னிசா," என்றார். "தொண்டையில கேன்சரு. குரல்வளைய எடுத்துட்டாங்க. இனிமே பேச்சு வராது. ஆபரேஷனுக்கு முன்னாடி அவ குரலப் பதிஞ்சு வச்சோம். எல்லாம் இதுலதான் கீது."

வேறு எங்கும் பிரதி இல்லையா என்று கேட்டேன். பழைய போனிலிருந்து, மடிக்கணினியிலிருந்து எல்லாவற்றையும் இந்த ஒரே டிஸ்க்கில் சேர்த்துவைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து, சேர்த்த பிறகு மற்றதையெல்லாம் அழித்திருந்தார்கள். நாம் வாரம் ஒருமுறை கேட்கிற கதை. தலையாட்டினேன். இந்த இடத்தில் புத்திமதி சொல்லாதீர்கள். அவர்கள் வழியெல்லாம் தங்களுக்குத் தாங்களே அதைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார்கள்.

ஹெட் உடைந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. அதே மாடல், அதே சமயத்தில் செய்யப்பட்ட இன்னொரு டிஸ்க் கிடைத்தால் அதன் ஹெட்டை எடுத்து இதில் பொருத்தலாம். என் அலமாரியில் இல்லை. கூடுவாஞ்சேரியில் நம்மைப் போலவே கடை வைத்திருக்கும் குமரனுக்குப் போன் செய்தேன். நமக்குப் போட்டிக் கடைதான். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒண்ணு கீதுக்கா. ஆனா வேற ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சுக்கீறேன்," என்றான். பிறகு அவனே சொன்னான். "சரி, அவருது ஆபீஸ் கணக்குதான், பொறுத்துப்பாரு. டிரெயின்ல ஆள அனுப்பறேன், ஸ்டேஷன்ல வாங்கிக்க."

அந்த டிஸ்க் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. பாயையும் அவர் மனைவியையும் வீட்டுக்குப் போகச் சொன்னேன். போக மாட்டோம் என்று வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பொதுவாக இது எனக்குப் பிடிக்காது. வேலை நடக்கும்போது வெளியே ஆள் காத்திருந்தால் கை அவசரப்படும். அன்று அவர்கள் போகாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று.

ஹெட்டை மாற்றிய பிறகு டிஸ்க் சுழன்றது, கம்ப்யூட்டருக்குத் தன்னை அடையாளம் காட்டியது. ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் முழுசாக வந்தது. ஆனால் கீழ்ப்பக்கத் தட்டைப் படிக்கும்போது வேகம் விழுந்து விழுந்து எழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் தட்டில் எங்கோ சிறு காயம் இருந்திருக்கிறது. புது ஹெட் அதன்மேல் போகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். முழு டிஸ்க்கையும் படிக்க அது தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மட்டும் தெரியவில்லை.

திரையில் பெரிதாக இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் "மெஹர் குரல்". இன்னொன்று பழைய போனிலிருந்து வந்தது, "கால் ரெக்கார்டிங்". இரண்டும் காயம்பட்ட அந்தப் பக்கத்திலேயே இருந்தன. எதை முதலில் எடுக்கிறேனோ அது கிடைக்கலாம். அடுத்தது கிடைக்காமல் போகலாம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஏறக்குறைய "மெஹர் குரல்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பெயரிலேயே இருக்கிறதே. வாடிக்கையாளர் வாயால் சொன்னதும் அதுதான், ஆபரேஷனுக்கு முன்னால் பதிந்துவைத்த குரல். சுட்டெலி மேலே கை இருந்தது. டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் மறுபடி எழுமா தெரியாது. நிறுத்தாமல் யோசித்தால் யோசிக்கிற நேரமெல்லாம் தேய்மானம். அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்க் கேட்பது என்பது நெருப்புப் பிடித்த வீட்டில் நின்று கதவு எந்த நிறம் என்று விசாரிப்பதுபோல இருந்தது எனக்கு. இருந்தும் எழுந்து போனேன். என்னை எழுப்பியது எது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பது அந்தக் குரலுக்கு உரியவர் என்ற நினைப்பாக இருக்கலாம்.

"பாய், ரெண்டு ஃபோல்டர் கீது. ஒண்ணுதான் உறுதியா எடுக்க முடியும்போல. எது முதல்ல?"

அவர் யோசிக்கவே இல்லை. "மெஹர் குரல்தான் மேடம். அதுல கேள்வியே இல்ல. எங்க பொண்ணு நஸ்ரின் கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிறா. அவ சொன்னா, அந்தக் குரல வச்சு ஒரு புரோகிராம் செய்யலாமாம். இவ போன்ல டைப் பண்ணா இவ குரல்லயே பேசுமாம். அதுக்காகத்தான் ரூம்ல கதவ சாத்தி, ஃபேன நிறுத்தி, பேப்பர் பாத்து அத்தினியும் படிச்சா. பொண்ணு நிக்காவுக்குன்னு தனியா ஒரு வாழ்த்து கூட படிச்சு வச்சுக்கீறா."

நான் திரும்பினேன். ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது. மெஹருன்னிசா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. பிறகு போனை எடுத்து வேகமாக டைப் செய்தார். போன் பேசியது. யாரோ ஒரு பெண்ணின் குரல், செய்தி வாசிக்கிறவர்போல ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்துப் பேசியது.

"கால் ரெக்கார்டிங் முதலில் எடுங்கள்."

"மெஹரு, அதுல இன்னா கீது?" என்றார் பாய். அந்த இயந்திரக் குரல் வந்தாலே அவர் வேறு பக்கம் பார்ப்பதை நான் கவனித்தேன். "புஷ்ஷு வேணும், கேஸ்கெட் வேணும்னு படகுக்காரங்க பேசினதுதான் கீது. யாரு எந்த நம்பரு பார்ட்டு கேட்டாங்கன்னு தெரியறதுக்காக ரெக்கார்டு போட்டு வச்சது. கடல் காத்து சத்தம் வேற. அத வச்சு இன்னா பண்ணுவ?"

கடைக்கு வரும் போன்களையெல்லாம் எடுத்துப் பேசியது மெஹருன்னிசாதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கரையோரத்துப் படகுக்காரர்கள் பலரும் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம்.

அவர் மறுபடி டைப் செய்தார். இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்தது. உள்ளே டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். என் வேலை வாழ்க்கையிலேயே கஷ்டமான நிற்றல் அதுதான்.

போன் பேசியது. "பேப்பர் பார்த்துப் படித்தபோது என் தொண்டை ஏற்கனவே கெட்டுப்போயிருந்தது. நீங்கள் தினமும் கேட்டதால் உங்களுக்குத் தெரியவில்லை. அது நோயின் குரல். பயந்துகொண்டே படித்தேன். கால் ரெக்கார்டிங்கில் நான் நன்றாக இருந்தேன். சிரிப்பேன். திட்டுவேன்."

வேலைக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் பாய். முறைப்படி நான் அவர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். அவர் சொன்ன காரணமும் தப்பில்லை; அறைக்குள் அமைதியாகப் பதிந்த குரலைத்தான் அந்த மாதிரி வேலைக்கு எல்லோரும் கேட்பார்கள்.

"டிஸ்க்கு உங்களுது பாய்," என்றேன். "குரலு அவங்களுது. அவங்க சொல்றதத்தான் செய்யப்போறேன். நீங்க ஒத்துக்கணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "எனக்குத் தெரியலயே மெஹரு," என்றார் மெதுவாக. "உன் தொண்டை மாறினது எனக்குத் தெரியவே இல்லயே." பிறகு என்னிடம், "அவ சொல்றதையே எடுங்க மேடம்," என்றார்.

உள்ளே போனேன். சாயங்காலம் வரை கால் ரெக்கார்டிங் வந்துகொண்டிருந்தது. சில இடத்தில் நின்று நின்று வந்தது, சிலதை விட்டுவிட்டுத் தாண்ட வேண்டியிருந்தது. பெரும்பாலும் முழுசாக வந்தது. அது முடிந்ததும் மற்ற ஃபோல்டரில் நுழைந்தேன். அதில் கொஞ்சம் ஃபைல்கள் வந்திருக்கும், டிஸ்க்கில் ஹெட் தட்டைக் கீறும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் உங்களுக்கும் தெரியும். உடனே மின்சாரத்தை நிறுத்தினேன். மறுபடி போட்டுப் பார்க்கலாமா என்ற ஆசை வராமலில்லை. போட்டிருந்தால் வெறும் தூள்தான் கிடைத்திருக்கும்.

வெளியே வந்ததும் கிடைக்காததை முதலில் சொன்னேன். இது என் முதல் முதலாளியிடம் கற்றது. நல்ல செய்தியை முன்னால் சொன்னால் கெட்ட செய்தியை அவர்கள் காதில் வாங்கமாட்டார்கள், வீட்டுக்குப் போன பிறகு தனியாக அதைக் கண்டுபிடிப்பார்கள், அப்போது நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம் என்பார் அவர். அவருக்கும் இந்த நேரத்தில் நன்றி.

"படிச்சு வச்சதுல பாதிக்கு மேல போச்சு பாய். நிக்கா வாழ்த்தும் வரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வயரில் மாட்டிய தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. மெஹருன்னிசா அவர் தோளில் கையை வைத்தார். அந்த வாழ்த்தை எழுதியவரும் படித்தவரும் அவர்தான், இழந்தவரும் அவர்தான். இருந்தும் முகத்தில் பதற்றம் இல்லை.

"போன் ரெக்கார்டிங் கிட்டத்தட்ட எல்லாமே வந்துடுச்சு," என்றேன்.

மீட்ட ஃபைல் திறக்கிறதா என்று பார்க்க நாம் ஓரிரண்டை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அடுத்தவர் பேச்சு என்பதால் அன்று நான் ஓட்டவில்லை. ஸ்பீக்கரைச் சரிசெய்து சுட்டெலியை மெஹருன்னிசா பக்கம் தள்ளினேன். அவர் பட்டியலைப் பார்த்து, ஏதோ ஒன்றை அழுத்தினார்.

ஒரு பெண்ணின் குரல் அறையை நிறைத்தது. கணீரென்று இருந்தது.

"எங்க கீறீங்க? சோத்த எடுத்து வச்சு எத்தினி நேரம் ஆவுது. குழம்பு ஆறி ஏடு கட்டிக்கினு கீது."

அதே ரெக்கார்டிங்கில் பாயின் குரல் பதில் சொன்னது. "தோ, வந்துகினே கீறேன். புதுப்பட்டினம் தாண்டிட்டேன்."

"கடையே புதுப்பட்டினத்துலதான கீது. எங்க இருந்து எங்க தாண்டினீங்க?"

பிறகு அவர் சிரித்தார். ரெக்கார்டிங்கில் இருந்த மெஹருன்னிசா. வயிற்றிலிருந்து எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி எழுகிற சிரிப்பு. மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெஹருன்னிசாவும் சிரித்தார், தோள்கள் மட்டும் குலுங்கின, சத்தம் வரவில்லை. பாய் அழுதுகொண்டே சிரித்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "மாமல்லபுரத்துல ஒரு ஆளப் பாக்கப் போயிட்டேன் மேடம். அன்னிக்கு நல்லா வாங்கினேன்." கொஞ்சம் கழித்து, "இந்தக் குரல மறந்தே போயிட்டேன்," என்றார்.

அதுதான் எனக்குப் புரிந்த விஷயம். கூடவே வாழ்ந்தவருக்கே, நோய் மெல்ல மெல்ல மாற்றிய குரல்தான் மெஹருன்னிசாவின் குரல் என்று ஆகிவிட்டிருந்தது. எது உண்மையில் தொலைந்துபோனது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஃபோல்டரின் பெயரைப் பார்த்து நான் முடிவெடுத்திருந்தால், கிடைத்த வெற்றியில் நானும் சந்தோஷமாக இருந்திருப்பேன், பாயும் சந்தோஷமாக இருந்திருப்பார். மெஹருன்னிசா போனை எடுத்து நன்றி என்று டைப் செய்திருப்பார். எங்கள் இருவருக்கும் கடைசிவரை ஒன்றும் தெரிந்திருக்காது.

இதை வைத்து, டிஸ்க்கைக் கொண்டுவருகிறவர் சொல்வதைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாய் தன் மனைவிக்காக உயிரை விடுகிறவர். கேட்கக்கூடியவர் பக்கத்தில் இருந்தால், அந்த ஒரு நிமிஷத்தில் ஹெட் தேய்ந்தாலும் போய்க் கேளுங்கள். கேட்ட பிறகு, அவர்கள் டைப் செய்து முடிக்கும்வரை நில்லுங்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு மாமல்லபுரத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, அப்படியே புதுப்பட்டினம் வரை போய்விட்டு வரலாம் என்று தோன்றியது. நஸ்ரின் விடுமுறைக்கு வந்திருந்தாள். அந்தப் புரோகிராம் தயாராகிவிட்டது என்று சொன்னாள். அறையில் பதிந்த ஃபைல்கள் கொஞ்சமே இருந்ததால், படகுக்காரர்களோடு பேசிய குரலை வைத்துத்தான் பெரும்பாலும் செய்ய வேண்டியிருந்ததாம்.

"கிளியரா வரல ஆன்ட்டி," என்றாள் அவள் வருத்தத்தோடு. "எவ்வளவு சுத்தம் பண்ணாலும் போன்ல கேக்கற மாதிரியேதான் கீது. பக்கத்துல நின்னு பேசற மாதிரி வரமாட்டேங்குது."

அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே கடைப் போன் அடித்தது. பாய் எடுக்கவில்லை; மனைவி பக்கம் நகர்த்தினார். மெஹருன்னிசா ஸ்பீக்கரை அழுத்தி, தன் கைபேசியில் எதையோ டைப் செய்து, கடைப் போனின் பக்கத்தில் பிடித்தார்.

"ஹலோ, சொல்லுங்க," என்றது அவர் குரல். நஸ்ரின் சொன்னது சரிதான். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தூரம்.

எதிர்ப்பக்கம் அலைச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு படகுக்காரர்.

"அக்கா?" என்றார். "மெஹரக்கா, நீயா பேசற? இத்தினி நாளா பாய்தான் எடுத்துக்கினு இருந்தாரு. உனக்கு உடம்பு சரியில்லன்னாங்க. இன்னா ஆச்சு, எங்க போயிட்ட?"

மெஹருன்னிசா டைப் செய்தார். அதற்கு நேரம் பிடித்தது. லைன் துண்டித்துவிட்டதோ என்று நினைத்து அந்த மனிதர், "அக்கா, கீறியா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இங்கதான் கீறேன்," என்றது போன். "எந்த என்ஜினுக்கு வேணும், அத மொதல்ல சொல்லு."